பலவேசம் பேரில் கொஞ்சம் ரத்தம்

பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டியும் பலவேசம் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் குற்றாலிங்கத்துக்கு முதலில் அது சௌகரியமாகத்தான் பட்டது. பேசாமல் வரட்டும். பேசினால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாயை அனுப்பினால் மனசு இடது விலாவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பதினோரு வருஷமாக வியாழக்கிழமை தோறும் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு நோயாளிகளைப் பார்க்க இதே சாலை, இதே பின்சீட்டு, கண்ணுக்கு நேரே இதே பலவேசத்தின் பிடரி. காரை எடுக்கும்போதே வாயையும் எடுத்துவிடுகிற டிரைவர் அவன், தென்காசியில் சாவியைத் திருப்பினால்தான் ரெண்டும் நிற்கும். இன்றைக்கு ரேடியோவைக்கூடப் போடவில்லையே, என்ன கோபமோ. வீட்டில் முப்பிடாதியோடு மல்லுக்கட்டு ஏதாவது இருக்கும், அவளும் லேசுப்பட்ட பெண்டாட்டி இல்லை. டாக்டர் வலது கையைச் சட்டைக்கு மேலேயே இடது பக்கமாகக் கொண்டுபோனார், கண்ணாடியில் அவன் பார்க்கிறானோ என்று எடுத்துக்கொண்டார், பேனாவைத் தேடுகிறவர் மாதிரி மறுபடியும் கொண்டுபோனார். இருக்கிறது. எங்கே போய்விடும்? மண்ணீரல் என்பது நல்ல உடம்பில் இருக்கிற இடம் தெரியாமல் விலா எலும்புக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டியது. இவருக்கு மூன்று விரற்கடை வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி விசாலம் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளறைக் கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கி மூச்சை இழுத்துப் பிடித்துத் தன்னைத்தானே தொட்டுப் பார்த்தார். ஊரார் மண்ணீரல் எத்தனை ஆயிரம் பார்த்த கை! நோயாளிக்கு வலப்பக்கம் நின்று பார்த்தே பழகிய கை. தனக்கு வலப்பக்கம் தான் எப்படிப் போய் நிற்பது? தட்டுப்பட்ட பிறகும் இது மண்ணீரலா, தின்ற சோறா என்று முதல் வருஷத்துப் பையன் மாதிரி முழித்தார். தின்ற சோறு எங்கே இருந்தது, ரெண்டு மாசமாக ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி என்ன கொறிப்பு என்று விசாலம் கிண்டல் பண்ணினாள். இவரும் சேர்ந்து சிரித்தார், பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டதை மட்டும் அவளிடம் காட்டவில்லை.

திங்கட்கிழமைதான் அந்தக் காரியம் நடந்தது. காரியமா அது, கூத்து. ஓ.பி. தொடங்குமுன் தன் அறையைத் தாழிட்டு, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது முழங்கை மடிப்பில் ஊசியை ஏற்றினார். முதல் குத்து தவறிவிட்டது. சுற்றுப்பட்டு ஜில்லாக்களுக்கெல்லாம் ரத்தத்துக்கென்று இருக்கிற ஒரே டாக்டர், ரத்தப் புற்றுக்கென்று ஜனங்கள் பஸ் ஏறி வருகிற டாக்டர், சொந்த நரம்பைத் தவறவிட்டுக் கட்டை விரலகலத்துக்கு நீலம் பாரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பத்து மணிக்குக் கேண்டீனுக்குத் தெரியும், பதினொன்றுக்கு ஆஸ்பத்திரி முதலாளிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் விசாலத்துக்கு. டாக்டர்களுக்குள் இது ஒரு வழக்கம், வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்: தன் ரத்தத்தை யாரும் தன் பேரில் லேபுக்கு அனுப்புவதில்லை. இருதய டாக்டர் மாமனார் பேரில் கொழுப்புப் பார்ப்பார், எலும்பு டாக்டர் கொழுந்தியாள் பேரில் சர்க்கரை பார்ப்பார். குற்றாலிங்கம் ஒரு பேரைத் தேடி ஜன்னல் வழியே பார்த்தார், கீழே பலவேசம் வாளியும் துணியுமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். டியூபில் எழுதினார்: பலவேசம், ஆண், 42. ஒரு மணி நேரத்தில் லேபிலிருந்து ரோஸ்லின் போன் பண்ணினாள், எட்டு வருஷமாக இவருக்கு ரத்தச் சிலைடெல்லாம் போடுகிற பெண், அவள் குரல் உடைந்துபோயிருந்தது. "சார், நம்ம பலவேசண்ணன் வெள்ளணு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சார். மெஷின் தப்போன்னு ரெண்டு தடவ ஓட்டிட்டேன்." பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது. "சிலைடு போட்டு வை. நான் பாத்துக்கிடுதேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று போனை வைத்துவிட்டு, மத்தியானம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து தன் ரத்தத்தைத் தானே பார்த்தார். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. எலும்புக்குள் இருந்து படித்து முடித்துவிட்டு வெளியே வர வேண்டிய அணுக்களெல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் கேட்டை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தன. இதற்கு மேல் ஒரு பரிசோதனை பாக்கி, அதையும் பலவேசம் பேரிலேயே வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார், அது வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் இதையே பார்த்தவருக்குத் தெரியாதா.

கார் பழைய பேட்டை தாண்டி வயல்வெளிக்கு வந்தது. முன்னால் ஒரு வைக்கோல் லாரி, பலவேசம் அதை முந்தவும் இல்லை, திட்டவும் இல்லை, பின்னாலேயே ஊர்ந்தான். அந்த வகை ரத்தப் புற்றுக்கு இவர் வைத்திருக்கிற வசனம் ஒன்று உண்டு, மனப்பாடம். 'சர்க்கரை வியாதி மாதிரின்னு வச்சுக்கிடுங்க. தினம் மாத்திரை போட்டா போதும். நூத்துக்குத் தொண்ணூறு பேரு நல்லா இருக்காங்க.' பொய் இல்லை, சத்தியமான வார்த்தை, இந்த மாத்திரை வந்த பிறகு ஜனங்கள் பிழைத்துக்கொண்டார்கள், அதை நேரில் கண்டவர் அவர். ஆனால் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து அந்தத் தொண்ணூறு பேரில் ஒருத்தர் முகம்கூட ஞாபகத்துக்கு வர மாட்டேன் என்கிறது. வருகிறவர்களெல்லாம் அந்தப் பத்துப் பேர். சுரண்டை டைலர். வாசுதேவநல்லூர் பஞ்சாயத்து கிளார்க், மூன்றாவது வகை மாத்திரைக்கும் நோய் கேட்காதவர். பத்துப் பேருக்கும் ஊர் தெரியும், யார் யார் கூட வந்தார்கள் என்று தெரியும், கடைசியாக என்ன கேட்டார்கள் என்றும் தெரியும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். சர்க்கரை மாதிரியாம்! எவன் சொன்னான்? நான்தான் சொன்னேன். என்கிட்டே எவனாவது இப்போது வந்து சொன்னால் அறைவேன். இப்படி நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது, தண்ணீரில் நிற்கிற கொக்கைப் பார்ப்பதுபோல் வெளியே பார்த்தார், கொக்கு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாத்திரையையும் பலவேசம் பேரில் வாங்கலாம். மாசாமாசம் ரத்த அணுக் கவுண்ட்டும் அவன் பேரில் பார்க்கலாம். எல்லாம் அவன் பேரிலேயே நடக்கட்டும், செத்தால்கூட அவன் பேரிலேயே செத்துவிட முடியுமென்றால் விசாலத்துக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும், அவள் பாட்டுக்கு டி.வி. பார்த்துக்கொண்டிருப்பாள். சே, என்ன நினைப்பு இது. புத்தி கெட்டுப்போச்சு.

விசாலத்திடம் ஏன் சொல்லவில்லை? முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், கடைசி வரி பார்க்காமல் எந்தக் கணக்கையும் மூட மாட்டாள். அதனால்தான். அவளிடம் அரைகுறையாகச் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு அரைகுறையாகச் சொல்வதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது, அது வேறு விஷயம். இவர் ஓ.பி.யில் 'செருப்பு மறந்தவங்க' என்று ஒரு ஜாதி உண்டு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு மகன் வருவான், ரிப்போர்ட்டைக் காட்டுவான், எல்லாம் முடிந்து அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, செருப்பை மறந்துட்டேன், குடையை மறந்துட்டேன் என்று திரும்ப உள்ளே வருவான். கதவைச் சாத்துவான். 'சார், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டாவ.' இவரும் தலையாட்டுவார். கிருமின்னு சொல்லிடுவோம். ரத்தம் சுண்டிப்போச்சுன்னு சொல்லிடுவோம். எத்தனை செருப்பு, எத்தனை குடை. கடையநல்லூர் பாத்துமுத்து என்று ஒரு அம்மாள், பீடி சுற்றுகிறவள், ஒன்றரை வருஷம் அவளிடம் கிருமி என்றே சொல்லி மருந்து ஏற்றினார்; கடைசி வாரத்தில் அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மொதநாளே தெரியும் டாக்டரே. நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான் கேக்கல" என்றாள். அன்றைக்கும் அடுத்த நோயாளியின் மகன் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தான், அன்றைக்கும் இவர் தலையாட்டினார்.

இந்தத் தலையாட்டல் இவர் அப்பாவிடம் கிடையாது. ஆவுடையப்பன் தென்காசித் தபாலாபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் அவரேதான் வாசித்தும் சொல்ல வேண்டும். கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை கிடைத்தது என்றால் சைக்கிளை நிறுத்தாமலே தெருவில் இருந்தே கத்திவிடுவார். சாவு என்றால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பூட்டி, வாசலில் உட்கார்ந்து, 'குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க' என்பார். தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் வீட்டு ஜனம் எல்லாம் கூடிவிடும், பெண்டுகள் சுவரில் சாய்ந்துகொள்வார்கள், பிறகுதான் பிரிப்பார். நாளாவட்டத்தில் ஊருக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. அவர் தண்ணி கேட்டால் ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள். 'தண்ணி இல்ல, போங்க' என்று நிறைகுடத்தை முன்னால் வைத்துக்கொண்டே சொல்வார்கள், தண்ணீரைக் கொடுக்காவிட்டால் சாவு திரும்பிப் போய்விடும் என்கிற மாதிரி. ஆவுடையப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார், கொடுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையைக் குற்றாலிங்கம் பலவேசத்துக்கு இதே காரில் ஏழெட்டுத் தரமாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தரமும் அவன் புதுசாகக் கேட்கிற மாதிரி சிரிப்பான். மகன் டாக்டருக்குப் படித்ததில் ஆவுடையப்பனுக்குப் பெருமைதான், ரத்தத்துக்கென்று மேல்படிப்பு என்றபோதுதான் கொஞ்சம் முகம் சுண்டினார். 'ரத்தத்துக்கு ஒரு டாக்டராடே? அது எல்லா இடத்துலயும்லா ஓடுது?' பெண் பார்க்கப் போன இடத்திலும் ஹார்ட்டா கிட்னியா என்றுதான் கேட்டார்கள். அப்பா சொன்னது சரிதான், எல்லா இடத்திலும்தான் ஓடுகிறது, கால் கட்டை விரலிலும் ஓடுகிறது, இந்த விநாடி கண்ணிமையிலும் ஓடுகிறது, வெட்டி எறிய ஒரு இடம் கிடையாது. டாக்டர் கண்ணை மூடினார்.

திறந்தபோது சீதபற்பநல்லூர் டீக்கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பலவேசம் அங்கே நிறுத்தவில்லை. அப்போதுதான் அவருக்கு என்னவோ உறுத்தியது.

"என்ன பலவேசம், இன்னைக்கு டீ கெடையாதா?"

"வேண்டாம் சார். எறங்காது." கொஞ்ச தூரம் போனான். "சார், ஒண்ணு கேக்கட்டா? சனிக்கிழம நம்ம ஆஸ்பத்திரி முகாம்ல நான் ரத்தம் குடுத்தேன்லா. அத யாருக்கும் ஏத்திட்டாவளா?"

"ஏன்?"

"ஏத்தலன்னா நீங்க ஒரு போன் பண்ணி நிறுத்திருங்க சார். ஏத்திருந்தா அது யாருன்னு மட்டும் சொல்லுங்க. சின்னப் பிள்ளையா இருக்குமோன்னு நெனச்சு நெனச்சு நேத்துலேர்ந்து கண்ணு மூடல."

டாக்டருக்கு ஒன்றும் புரியாமல் இருந்தது ஒரு விநாடிதான். அந்த விநாடி எவ்வளவு நல்ல விநாடி என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

"ரோஸ்லின் பிள்ள மேல கோவப்படாதிய சார்" என்றான் பலவேசம், ரோட்டைப் பார்த்தபடியே. "நேத்து சாயங்காலம் லேப்ல டீ குடிக்கப் போனேன். என்னையப் பாத்ததும் அழுதுட்டு. என்னம்மான்னேன். அண்ணே, சாரு தார மாத்திரைய ஒருநாளும் விடாம போடுங்கண்ணேன்னு சொல்லிச்சு. அதுக்குப் பொறவு கேக்காம விடுவனா? ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்னு சொல்லிட்டு. நீங்க எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கியன்னும் சொல்லிச்சு. நீங்க சொல்ல மாட்டிய, எனக்குத் தெரியும். நானா கேக்கப்பிடாதுன்னுதான் வந்தேன். அந்த ரத்தத்த நெனச்சாத்தான் சார் தாங்கல."

அட பாவி மனுஷா, என்று டாக்டர் தன்னையே சொல்லிக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றால் இதுதான். சாக வேண்டியது நான் என்றால் தூங்காமல் கிடந்தது இவன். அதுவும் தனக்காகக் கிடக்கவில்லை, எவனோ முகம் தெரியாத பிள்ளைக்குத் தன் ரத்தம் போய்விட்டதே என்று கிடந்திருக்கிறான். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? டாக்டரின் நெஞ்சுக்குள் ஒரு இளைப்பாறல். மூன்று நாளாகத் தான் ஒருவனாகவே சுமந்த மூட்டையை முன்சீட்டில் ஒருத்தன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு அரை நிமிஷம், அவன் பயப்படட்டும், நான் சும்மா இருக்கிறேன் என்று தோன்றியது. பயந்தவன் எப்படி இருப்பான் என்று பின்னாலிருந்து அவன் பிடரியையே பார்த்தார். பிடரியில் ஒன்றும் இல்லை. முடி வெட்டி ரெண்டு நாள் இருக்கும். தென்காசி வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன, ஓ.பி. முடிந்து சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். அந்த அரை நிமிஷத்துக்காக அவர் வெகுகாலம் வெட்கப்படுவார்.

"பாவூர்சத்திரத்துல என் மச்சினன் நிக்கான் சார்" என்றான் பலவேசம். "வண்டி நல்லா ஓட்டுவான், குடி கெடையாது. இன்னைக்கு முன்சீட்டுல ஏத்திக்கிடுதேன், ரோடு பழகிக்கிடட்டும். உங்களுக்கு வளைவுல வேகமாப் போனா புடிக்காது, போன் பேசும்போது ஹாரன் அடிச்சாப் புடிக்காது, எல்லாம் சொல்லிக் குடுத்திருதேன். அவனுக்கு விசயம் தெரியாது. முப்பிடாதிக்கும் தெரியாது. அவகிட்ட மட்டும் சொல்லிராதிய சார், தாங்க மாட்டா."

செருப்பு மறந்தவன்! நோயாளியே செருப்பை மறந்துவிட்டு உள்ளே வந்து நிற்கிறான். மாறாந்தை போய்விட்டது. ஆலங்குளம் வரப்போகிறது, அதைத் தாண்டினால் பாவூர்சத்திரம், அங்கே மச்சினன் ஏறிவிட்டால் மூன்றாம் ஆளை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது, பிறகு தென்காசி, பிறகு அறுபது நோயாளிகள். இவன் அத்தனை நேரமும் வெளியே காரில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருப்பான். டாக்டர் முன்னால் சாய்ந்தார். சொன்னார். ஆனால் எதைச் சொன்னார் பாருங்கள், புத்தி போகிற போக்கை!

"பலவேசம், அது லேப்ல டியூபு மாறிப்போச்சுடே. உனக்கு ஒண்ணுமே இல்ல. நீ குடுத்த ரத்தமும் நல்ல ரத்தம்தான்."

கண்ணாடியில் பலவேசத்தின் கண் தெரிந்தது. அவன் சிரித்தான். ஒரு பிள்ளை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"பதினோரு வருசம் உங்க முன்னால உக்காந்து ஓட்டுதேன் சார். பின்னால நீங்க போன்ல பேசுதது பூரா என் காதுலதான விழுது. 'அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னே சொல்லுங்கம்மா. ரிப்போர்ட்டு மாறிப்போச்சுன்னு சொல்லிருவோம். சந்தோசமா இருக்கட்டும்.'" டாக்டரின் குரலிலேயே, அந்த மெதுவான இழுவையோடு, அச்சாகப் பேசிக் காட்டினான். "அந்தக் கொரல்லயேதான் சார் இப்பவும் சொல்லுதிய."

டாக்டருக்கு நிஜத்தைச் சொல்கிறேனடா, இது பொய் இல்லையடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை என்பது சத்தியம், ஆனால் அந்தச் சத்தியத்தைச் சொல்ல இவரிடம் சொந்தக் குரல் மிச்சம் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கருணை கருணை என்று எல்லாருக்கும் ஒரே குரலைக் கொடுத்துத் தேய்த்துவிட்டார். நல்ல சேதிக்கும் அதே குரல், கெட்ட சேதிக்கும் அதே குரல், இவன் எதை நம்புவான்? சத்தியம் பண்ணலாம், ரோஸ்லினைக் கூப்பிட்டுச் சொல்லவைக்கலாம், அவளும் இவர் சொல்லித்தான் சொல்கிறாள் என்பான். இன்றைக்கு மத்தியானமே அவன் ரத்தத்தை எடுத்துப் புதுசாகப் பார்த்துக் காட்டலாம். அதையும் மாத்திவிட்டதாக நினைப்பான், மாத்தவும் மாத்தியிருப்பார், வேறு யாருக்காவது என்றால். பலவேசத்தை நம்பவைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அந்த ரத்தம் யாருடையது என்று சொல்ல வேண்டும். அதை அவர் இதுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னது கிடையாது, குளியலறைக் கண்ணாடியிடம்கூட. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தைக் கண்ணால் பார்த்த டாக்டர், பச்சைப்பிள்ளை மாதிரி பயந்தார். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு வந்தது, பூக்காரிகள், மினி பஸ், யாரோ பலவேசத்துக்குக் கை காட்டினார்கள், அவன் காட்டவில்லை. ஆலங்குளம் போயிற்று. மின்சாரக் காற்றாடிகள் தெரிந்தன, மேற்கே மலைக்கு மேல் சாரல் மேகம் கறுத்து நின்றது, தொட்டால் பிசுபிசுக்கும்போல. பாவூர்சத்திரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"வண்டிய ஓரமா நிறுத்து பலவேசம்."

ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தத் தண்ணி பாட்டில எடு" என்றார் டாக்டர்.

யோசித்துச் சொன்னது இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது, கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தான் யார் மகன் என்பது ஞாபகம் வந்தது. பலவேசத்துக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. கியர் பக்கத்தில் கழுத்துவரைக்கும் தண்ணீரோடு பாட்டில் நிற்கிறது. அவன் கை அதன்மேல் போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"தண்ணி இல்ல சார்" என்றான்.

அவன் தோள் குலுங்கியது. டாக்டர் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிப் போய், முன்பக்கம் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தது கிடையாது, டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற இசக்கியம்மன் படத்தையே இப்போதுதான் பார்க்கிறார். தண்ணீர் இல்லாமலே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அது என் ரத்தம்டே."

பலவேசம் திரும்பினான்.

"திங்கட்கிழமை நானே எடுத்தேன். லேப்ல எம்பேரப் பாத்தா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு உம்பேர எழுதினேன். கேக்காம எழுதிட்டேன்." சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். நீலம் இப்போது பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தது. "மொதக் குத்து தப்பிப்போச்சு. அன்னைக்கு என்ன சார் பிளாஸ்திரின்னு நீ கேட்டே, ஆணி கீறிட்டுன்னு சொன்னேன் பாரு, இதுதான்."

பலவேசம் அந்தக் கையைப் பார்த்தான். டாக்டரின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ ஆயிரம் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சேதி சொன்னவர் குற்றாலிங்கம், இப்படி ஒரு முகத்தை அவர் கண்டதில்லை. சந்தோஷம்! மறைக்கத் தெரியாத, மறைக்க நேரம் கிடைக்காத சந்தோஷம், மழை விட்ட தெரு மாதிரி முகம் அப்படியே பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு விநாடி இருக்கும். அடுத்த விநாடி அதைத் தானே உணர்ந்துகொண்டு, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டான், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதான். "மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க சார்" என்று அதையே சொன்னான். டாக்டர் அவன் முதுகில் கை வைத்தார். இதில் மன்னிக்க என்னடே இருக்கு, இது என் மூட்டை, நீ ஒரு ராத்திரி சுமந்தது போதும். இதை அவர் சொல்லவில்லை, நினைத்தார்.

அழுது முடித்து, சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலவேசம் கேட்டான்: "நீங்க செத்துப்போவியளா சார்?"

யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள், கேட்காமலே போவார்கள். டாக்டரின் வாயில் வசனம் தானாக வந்து நின்றது, சர்க்கரை வியாதி மாதிரின்னு. அதை விழுங்கினார்.

"தெரியலடே. மாத்திரை இருக்கு. முக்காவாசிப் பேருக்குக் கேக்கும். சில பேருக்குக் கேக்காது. நான் எதுல சேத்தின்னு ஆறு மாசம் போனாத்தான் தெரியும். பயமா இருக்கு."

"இப்ப நம்புதேன் சார்" என்றான் பலவேசம். பிறகு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினான். "குடிங்க."

குடித்தார். தண்ணீர் வெயிலில் சூடேறியிருந்தது.

"அம்மாட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"அது சரிவராது சார். சாயங்காலம் வண்டிய விடும்போது அம்மா என்னையப் பாத்து என்ன பலவேசம்னு ஒரு வார்த்த கேட்டாவன்னா எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்கதான் சொல்லணும்." மச்சினனுக்கு நம்பரை அழுத்தினான். "ஏல, நீ வீட்டுக்குப் போல. சோலி இல்ல. பொறவு சொல்லுதேன்."

அவன் போனை வைத்த கையோடு டாக்டரின் போன் அடித்தது. விசாலம்தான். வியாழக்கிழமை தோறும் இந்த நேரத்துக்கு அடிப்பாள், தயிர்ச்சாதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனதைச் சொல்ல. டாக்டர் எடுத்தார். பலவேசம் காரை விட்டு இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இன்னைக்கும் டப்பாவ மறந்தாச்சு" என்றாள் விசாலம். "பாவூர்சத்திரம் வந்துட்டியளா?"

"இல்ல. வழியில நிக்கோம்." காற்றாடி ஒன்று மெதுவாகச் சுற்றியது, அதன் நிழல் ரோட்டில் வந்து வந்து போயிற்று. "விசாலம், கையில என்ன வச்சிருக்கே?"

"காப்பி டம்ளர். ஏன்?"

"அதக் கீழ வச்சிட்டு உக்காரு."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. அவளும் ஆவுடையப்பனின் மருமகள்தானே.

"என்ன, தண்ணி கேக்கப் போறியளா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"ஆமா."

டம்ளரை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உக்காந்துட்டேன்" என்றாள் விசாலம். "சொல்லுங்க."